ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கழற்றிய டிரைவ்

போன மாதம் ஒரு நாள் காலையில் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய மேசையில் உட்கார்ந்து லேப்டாப் பழுது பார்ப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. மதர்போர்டில் கடுகளவு ஐசியைக்கூட அலுங்காமல் எடுத்து மாற்றிவிடுவாள். அவளுக்கு வந்த சந்தேகம் இது: "அக்கா, ஒருத்தர் அந்தக் காலத்து லேப்டாப் ஒண்ணு கொண்டாந்திருக்காரு. சைடுல சிடி போடுற எடத்துல குண்டூசி நொழையிற மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. ரீசெட் பட்டனாக்கா?"

சிரித்துவிட்டேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காமச் சொல்லுங்கக்கா. நாங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள சிடியே காணாமப் போயிருச்சு" என்றாள். அது எதற்கான ஓட்டை என்று சொன்னேன். ஒரு தடவை அதற்குள் கம்பி விட மறந்து நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் சொன்னேன். பாதியில் வாடிக்கையாளர் வந்துவிட்டார். மிச்சத்தை எழுதி அனுப்பச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, டிவி ரிப்பேர் கடையில் மூன்று வருடம், கல்யாணம், ஒரு மகன். இதையெல்லாம் இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். போன் எடுக்கவும் ஜாப் கார்டு எழுதவும்தான் என்னைச் சேர்த்தார்கள். பெண் என்றால் வரவேற்பு மேசை என்று அன்றைக்கு ஒரு நினைப்பு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து மானிட்டர்களைத் திறந்து சரி செய்து, மூடி வைத்துவிடுவேன். யார் சரி செய்தது என்று தெரியாமல் இரண்டு மாதம் ஆளுக்கு ஆள் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தவர் சர்வீஸ் ஹெட் சாந்தாராம் சார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர், "நாளையிலேருந்து மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடுங்கம்மா. பெஞ்சுல காலையிலேருந்தே உக்காரலாம்" என்றார்.

உட்கார்ந்தேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, வர நேரமாகும். அதுவரைக்கும் நான் சரி பண்ணி வைக்கிறேன்" என்பேன். சரி செய்து கையில் கொடுத்த பிறகும் சிலர் இன்ஜினியரைத் தேடிக்கொண்டுதான் போனார்கள்.

சாந்தாராம் சார் சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குப் போன் பேசும்போது அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிச் சிரிப்பார். போனை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தால் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து எடுத்து வைப்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் "இதைப் பாருங்க" என்பவர், கோபம் வந்தால் "தயவுசெய்து இதைப் பார்க்க முடியுமா?" என்பார். அந்தத் "தயவுசெய்து" காதில் விழுந்தால் பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் மூச்சு விட மாட்டோம்.

அவருடைய முறைகள் அப்படியே மனதில் நிற்கின்றன. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சார்ஜரை உருவிவிட்டேனே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கழற்றும் ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போடக்கூடாது. பழைய தினசரி காலண்டரின் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்தில் கழற்றினோமோ படத்தில் அதே இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வைக்க வேண்டும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முறுக்கினால் அது போர்டைக் கிழித்துக்கொண்டு போகும் என்பதை இந்த அட்டைதான் எனக்குப் புரிய வைத்தது. வாடிக்கையாளரிடம் "என்ன கோளாறு?" என்று கேட்க மாட்டார். "கடைசியா நல்லா ஓடுனப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அடுத்தது கம்பி. தமிழ்ச்செல்வி கேட்ட அந்த ஓட்டை இங்கேதான் வருகிறது. லேப்டாப்பின் சிடி டிரைவ் மெலிசானது. உள்ளே ஒரு தட்டு, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டித் தாழ்ப்பாள். மின்சாரம் இருந்தால் பட்டனை அழுத்தியதும் தாழ்ப்பாள் விலகி, தட்டு வெளியே வரும். டிரைவ் செத்துவிட்டால் பட்டன் வேலை செய்யாது. அப்போது முகப்பில் இருக்கும் ஓட்டை வழியாக நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினால் தாழ்ப்பாள் விடும். செத்த டிரைவ் எதுவானாலும், கம்பி விட்டுத் தட்டைத் திறந்து பார்க்காமல் பெஞ்சை விட்டு நகரக்கூடாது என்பது சாரின் சட்டம். உள்ளே மக்களுடைய டிஸ்க் கிடக்கும். பேங்க் மேனேஜர் ஒருவரின் டிரைவிலிருந்து ஜாதகம் கணிக்கும் டிஸ்க் வந்தது. கல்லூரிப் பையன் ஒருவனின் டிரைவிலிருந்து வந்ததைப் பற்றி இங்கே எழுத முடியாது. அவனுடைய அப்பா எதிரில் நின்றதால் நான் அதைக் கவிழ்த்தே உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அந்த டிரைவுக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்தாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். ஆயுத பூஜை வாரம். தங்கவேல் என்று ஒருவர் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு பழைய லேப்டாப்பை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மதுரைக் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அவர் சீனியர் உபயோகித்துவிட்டுக் கொடுத்த லேப்டாப் அது. நான் அப்போது வெளியே போயிருந்தேன். கார்டில் 'சிடி படிக்கவில்லை, சத்தம் வந்தது, பிறகு திறக்கவில்லை' என்றும், வாங்கி வைத்தவை: லேப்டாப், பேட்டரி, சார்ஜர், பை என்றும் எழுதியிருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் அது என் கைக்கு வந்தது. சோதித்தேன், டிரைவுக்கு உயிரே இல்லை. மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றி, அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்து, அந்தத் துளைக்குள் தெரிந்த தகட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் வெளிப்பக்கம் தள்ளினேன். டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் முதுகில் இருந்த சின்ன இரும்புப் பட்டையை இரண்டு பொடி ஸ்க்ரூக்களோடு கழற்றி, புது டிரைவில் மாட்டினேன். பெரும்பாலும் முகப்புப் பட்டையையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குத் தட்டைத் திறந்தாக வேண்டும். அன்றைக்கு என் கெட்ட நேரம், புதிதின் பட்டையே அச்சாகப் பொருந்திவிட்டது. தட்டைத் திறக்கிற வேலை இல்லாமல் போயிற்று.

செத்த டிரைவை மேசை ஓரத்தில் வைத்தேன். கம்பியைக் கையில் எடுத்தும்விட்டேன். அதற்குள் லேப்டாப்பை ஆன் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு பிழை வரி. புது டிரைவும் தெரியவில்லை, நன்றாக இருந்த ஹார்ட் டிஸ்க்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்து லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் ஒரே பாதையில் இருக்கும். ஒன்று மூத்தது, மற்றது இளையது என்று ஏற்பாடு. நான் மாட்டிய டிரைவ் வேறு மாடலுக்காகத் தயாரானது; அதுவும் தன்னை மூத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் மூத்த மருமகள் என்று சொல்லிக்கொண்டு நின்றால் அடுப்பு எரியுமா? டிரைவின் பின்னால் ஐம்பது முள் கொண்ட கனெக்டர் உண்டு. அதில் நாற்பத்தேழாவது முள்தான் மூத்தது எது, இளையது எது என்று சொல்வது. அதை மறைத்துவிட்டால் டிரைவ் இளையதாகிவிடும். சூடு தாங்கும் மஞ்சள் டேப்பிலிருந்து ஒரு அரிசி முனை அளவுக்கு பிளேடால் நறுக்கி, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்து, இடுக்கியால் அந்த ஒரு முள்ளின் மேல் மட்டும் ஒட்டினேன். இரண்டு தடவை பக்கத்து முள்ளின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. ஆன் செய்தேன், இரண்டும் தெரிந்தன. எங்கள் சோதனை டிஸ்க்கைப் போட்டேன், படித்தது.

சாந்தாராம் சார் வந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். "நல்லா யோசிச்சிருக்கீங்கம்மா" என்றார். பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட மூன்றாவது பாராட்டு அது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோருக்கும் டீ சொன்னேன். பெஞ்சு பெஞ்சாகப் போய் அந்த மஞ்சள் டேப்பைக் காட்டினேன். சரியான அலட்டல்.

அந்த அலட்டலில் கம்பி மறந்துவிட்டது. சாயங்காலம் பூஜைக்காகக் கடையைக் கழுவ வேண்டும். செத்த சாமான்கள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது வழக்கம். என் மேசை ஓரத்தில் இருந்த டிரைவை நானே எடுத்துச் சாக்கில் போட்டேன். யாரோ போட்டார்கள் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. தங்கவேல் ஐந்து மணிக்கு அவசரமாக வந்தார். லீவுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று, நான் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை கடையில் பூஜை. ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, சால்டரிங் அயர்ன், மீட்டர், ஜெம் கிளிப் டப்பா உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பெரிய மேசையில் அடுக்கியிருந்தோம். கம்ப்யூட்டர்களுக்குப் பூ. சாந்தாராம் சாருக்கு இதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. பூஜை போட்டுவிட்டால் மறுநாள் மறுபூஜை வரைக்கும் ஒரு கருவியையும் தொடக்கூடாது, ஒரு சுவிட்சையும் போடக்கூடாது. கற்பூரம் காட்டி, பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது தங்கவேல் மாடியேறி வந்தார். கூடவே அவருடைய அம்மா. மெலிந்த உடம்பு, கையில் ரப்பர் வளையல், முகத்தில் தூக்கமே இல்லை.

"மேடம், உள்ள இருந்த சிடி எங்க?" என்றார் தங்கவேல்.

பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

"உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் டிரைவ் நின்னுச்சு. ரிப்பேருக்குக் குடுத்தா எடுத்துத் தருவீங்கன்னு நெனச்சேன். வீட்டுல போய்த் தொறந்தா தட்டு காலியா இருக்கு."

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதை அவருடைய அம்மா சொன்னார். அவரும் அவர் கணவரும் இருபது வருடம் ஊரான் வயலில் கூலி வேலை பார்த்து, ஒரு ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கியிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரரோடு கிணற்றில் பாதிப் பங்கு. கணவர் இறந்த பிறகு பக்கத்து நிலத்துக்காரர் அந்தக் கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார். கேட்டால், இருபது வருடமாகத் தண்ணீரே இல்லாத பாழுங்கிணறு என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எம்புட்டுத் தண்ணி தாயி அதுல! நாங்க மோட்டாரு போட்டு எறச்சு நெல்லு வெளைய வச்ச கெணறு. மூடுறதுக்கு முந்தின மாசந்தான் இவன் என்னமோ தோணி, பரவையிலேருந்து கல்யாண வீடியோ எடுக்குறவரக் கூட்டியாந்து படம் புடிச்சான். தண்ணி ஓடுறது, மோட்டாரு ஓடுறது, எல்லாம் அதுலதான் இருக்கு."

"வேற காப்பி இல்லையா?" என்று கேட்டேன்.

"அந்தக் கேசட்டு மேலயே வீடியோக்காரரு வேற கல்யாணத்தப் புடிச்சுட்டாரு மேடம். சிடி ஒண்ணுதான்" என்றார் தங்கவேல். "லீவு முடிஞ்சதும் வியாழக்கெழம வாய்தா. அன்னைக்குக் குடுக்கலைனா அப்புறம் எடுத்துக்க மாட்டாங்க."

சாந்தாராம் சார் ஜாப் கார்டை எடுத்து வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். லேப்டாப், பேட்டரி, சார்ஜர், பை. டிஸ்க் என்ற வார்த்தை இல்லை. கீழே தங்கவேலின் கையெழுத்து. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு 'எங்களிடம் டிஸ்க் வரவில்லை' என்று சொல்லிவிடலாம். வக்கீலாலேயே ஒன்றும் செய்ய முடியாது. இந்த யோசனை எனக்கு வந்ததா என்றால் வந்தது. கடையில் பெஞ்சில் உட்கார்ந்த ஒரே பெண் நான். ஒரு தப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேராவது இருந்தார்கள். மறுபடியும் போன் எடுக்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

சார் என்னைப் பார்த்தார். "தயவுசெய்து சொல்ல முடியுமாம்மா? கம்பி விட்டீங்களா?"

அந்த அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கம்பி என்றால் என்ன என்று தெரியாது. என் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதில்தான் கிணறு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"இல்ல சார். விடல. டிரைவை நான்தான் சாக்குல போட்டேன்."

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கார்டில் 'பை' என்பதற்குக் கீழே 'டிரைவுக்குள் டிஸ்க் ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத் தங்கவேலிடம் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். கெடைக்கலைனா நாங்கதான் பொறுப்பு. கோர்ட்டுல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆட்டோ பிடிங்கம்மா" என்றார். 'தயவுசெய்து' இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய இரும்புக் கடை அவனியாபுரத்தில், சுருளி என்பவருடையது. மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியது போக, அவர் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குள் ஓடியதெல்லாம் வேறு. சுருளி கடையில் டிரைவுகளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சாக்கு வந்த கையோடு தரையில் கொட்டி, சுத்தியலால் ஒரே போடு. மேல்தகடு தனி, போர்டு தனி, பிளாஸ்டிக் தனி. டிஸ்க் இருந்தால் அது நாலு துண்டு. ஒரு மணி நேரத்தில் சாக்கு காலியாகிவிடும்.

கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே தரை கழுவி ஈரமாக இருந்தது. சுருளி வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார்.

"வாங்கக்கா, பொரி சாப்பிடுங்க. என்ன இம்புட்டுத் தூரம்?"

"அண்ணே, நேத்து எங்க கடையிலேருந்து வந்த சாக்கு எங்க?"

"அதா கெடக்கு" என்று மூலையைக் காட்டினார்.

கட்டுக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ராத்திரியே ஒடச்சிருப்போம்கா. பூஜைக்குத் தரையக் கழுவணும்னுட்டு அப்படியே போட்டாச்சு. காலையில சுத்திக்குப் பூஜை போட்டாச்சா, இனி நாளைக்குத்தான் தொடணும்" என்றார். சாமி படத்துக்கு முன்னால் ஏழெட்டு சுத்தியல்களும் உளிகளும் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. தராசுக்கும் மாலை. என் வாழ்க்கையில் ஒரு சுத்தியலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பூஜைக்குச் சுத்தம் செய்ததில்தான் டிஸ்க் போயிற்று. அதே பூஜைதான் அதை ஒரு ராத்திரி காப்பாற்றியும் வைத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சுருளி யோசித்தார். "தேடிக்கங்க. ஆனா கையாலதான் தேடணும். ஆயுதம் எதையும் தொட்டுறாதீங்கக்கா, எங்க அப்பா காலத்துலேருந்து பழக்கம்" என்றார்.

சாக்கை அவிழ்த்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அலசினோம். கீபோர்டு, பேட்டரி, விசிறி, டிரைவ். டிரைவ் மட்டும் முப்பதுக்கு மேல். கறுப்பு முகப்பு உள்ளவற்றை ஒதுக்கினேன். தங்கவேலின் லேப்டாப் சாம்பல் நிறம். சாம்பலில் ஒன்பது இருந்தன. முதுகில் பட்டை கழற்றியவை என்று பார்த்தால் நாலு. இந்த நாலில் ஒன்று. குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் நடுக் குமிழில் கவ்விக்கொண்டிருக்கும், சத்தம் போடாது. கம்பி விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கம்பி எங்கே? ஜெம் கிளிப் டப்பா சிம்மக்கல்லில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. "சுருளியண்ணே, ஒரு மெலிசான கம்பி" என்றேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார். கம்பிக் கட்டும் அங்கேதான் இருந்தது.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டு மெலிசா வேணும் தாயி?" என்று கேட்டுக்கொண்டே வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். "இது ஆயுதமில்லையில?"

"ஊக்குக்கு யாரு ஆத்தா பூஜை போட்டா? தாராளமாக் குத்துங்க" என்றார் சுருளி.

ஊக்கைப் பல்லால் கடித்து நிமிர்த்தினேன். ஜெம் கிளிப்பைவிட விறைப்பாக இருந்தது. முதல் டிரைவின் ஓட்டையில் நேராக விட்டு அழுத்தினேன். டக் என்று தாழ்ப்பாள் விட்டது. தட்டை இழுத்தேன். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில் ஊக்கு நுழைந்தது, தாழ்ப்பாள் விடவில்லை. கொஞ்சம் சாய்த்து, மறுபடி நேராக்கி அழுத்தினேன். விட்டது. தட்டு ஒரு விரல் அளவு முன்னால் வந்தது. அந்த இடுக்கில் பளபளவென்று ஒரு விளிம்பு.

"இருக்கு" என்றேன்.

தங்கவேல் கையை நீட்டினார். "தொடாதீங்க" என்று அதட்டிவிட்டேன், வக்கீல் என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த டிரைவில் டிஸ்க்கைப் பிடித்து இழுத்தால் நடுவில் விரிசல் விழும். நடுக் குமிழை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, விளிம்பை இரண்டு விரலால் தூக்க வேண்டும். எடுத்தேன். மேலே மார்க்கர் பேனாவால் 'கெணறு' என்று எழுதியிருந்தது. அடியில் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மெல்லிய வட்டக் கீறல் இருந்தது. படிக்குமா படிக்காதா என்று சொல்ல முடியாத கீறல். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

கடையில் சாந்தாராம் சார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தங்கவேல் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். டிஸ்க்கைப் போட்டேன். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வந்து போனார்கள். திரையில் முதலில் ஏதோ கல்யாண வீட்டுப் பூ வளையம் சுற்றிக்கொண்டு வந்தது. வீடியோக்காரர் வழக்கம் போலப் போட்டிருக்கிறார். அது விலகியதும் கிணறு.

தண்ணீர் பாதிக் கிணறு வரை கிடந்தது. மோட்டார் ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடியது. கரையில் ஒரு ஆள் குனிந்து முகம் கழுவினார். "இவந்தான்! மூடுனவன் இவந்தான்! இவனும் இதுலதான் கழுவுறான் பாருங்க" என்று அந்த அம்மா திரையில் விரலை வைத்துக் கத்தினார். தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"ஒரு காப்பி எடுத்துக்குடுத்துருங்க மேடம்" என்றார் தங்கவேல். அங்கேதான் சிக்கல். அவருக்கு மாட்டிய டிரைவ் படிக்கத்தான் செய்யும், எழுதாது. சிடி எழுதும் டிரைவ் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அது பெரிய மேசையில் பூ மாலையோடு, மானிட்டரில் மூன்று சந்தனப் பொட்டோடு இருந்தது. நாளைக்கு மறுபூஜை முடிந்ததும் வாங்க என்று சொல்ல வேண்டியதுதான்.

சாந்தாராம் சார் எழுந்தார். மேசைக்குப் போய் கம்ப்யூட்டரின் மேலிருந்த மாலையை இரண்டு கையாலும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். என்ன வேண்டினார் என்று தெரியாது, அவர்கள் பாஷையில் உதடு அசைந்தது. பிறகு சுவிட்சைப் போட்டார். "மூணு காப்பி எடுங்கம்மா. ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு சீனியருக்கு, ஒண்ணு அம்மாவுக்கு" என்றார். அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் பூஜை நாளில் சுவிட்ச் போட்டது அந்த ஒரு தடவைதான். அதைப் பற்றி அப்புறம் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் தப்பைப் பற்றியும் பேசவில்லை. மறுபூஜை முடிந்ததும், வழக்கம்போல எனக்கு இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை டிஸ்க்கைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டதாகத் தங்கவேல் போன் செய்தார். அப்புறம் கோர்ட்டின் வேகம் நமக்குத் தெரியாதா. வாய்தா மேல் வாய்தா. இரண்டு வருடத்துக்கு மேலே ஆனது. நானும் அதைப் பற்றி நினைப்பதை விட்டிருந்தேன்.

ஒரு நாள் மதியம் பெஞ்சில் இருந்தபோது செல்போன் அடித்தது. தங்கவேல் நம்பர். எடுத்தால் அவருடைய அம்மா.

"தாயி, நாந்தான். தீர்ப்பு வந்து கெணத்தத் தோண்டிட்டோம். மண்ணெல்லாம் அள்ளியாச்சு. தண்ணி வந்துருச்சு தாயி!"

எழுந்து நின்றுவிட்டேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"மோட்டாரு போட்டுருக்கோம். இரு, போனத் தண்ணிக்கிட்டக் கொண்டு போறேன். கேளு."

வாடிப்பட்டிப் பக்கம் அப்போது சிக்னல் விட்டு விட்டு வரும். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்திப் பிடித்தேன். கரகரவென்று இரைச்சல், நடுவில் ஒன்றுமில்லை, மறுபடி இரைச்சல். தண்ணீர்ச் சத்தம் ஒரு சொட்டுக்கூட வந்து சேரவில்லை.

"கேக்குதா தாயி?"

"கேக்குதும்மா" என்றேன். "நல்லாக் கேக்குது."